இளவரசியின் பிரதிநிதி

பேர்ளி தன்னுடைய கத்தோலிக்கப் பூசையைச் சனிக்கிழமை மாலையிலேயே முடித்துவிடுவாள். ஞாயிறு காலையில் லா சப்பலில் மெற்றோ ஏறி மொன்சோவில் இறங்கி, மதாம் ஈரேனை அவருடைய கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அது அவளுடைய வேலை. பேசாலையிலிருந்து பாரிசுக்கு வந்தவள், முதலில் அந்த வீட்டைத் துப்புரவாக்கத்தான் போனாள். மதாமின் கணவர் இறந்து, மதாமின் முழங்கால்களும் தளர்ந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்கிறவளாகிவிட்டாள்.

மதாம் ஈரேன் ஒரு இளவரசி. பால்கன் மலைகளுக்கிடையே இருந்த ஒரு சிறிய நாட்டின் பட்டத்து இளவரசரை மணந்தவர். அந்த நாட்டில் அவர் காலடி வைத்ததுகூட இல்லை. திருமணத்திற்கு முன்பே அங்கே முடியாட்சி போய்விட்டது. இளவரசர் பாரிசில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்து ஓய்வூதியம் வாங்கி இறந்தார். மிஞ்சியது மூன்றாம் மாடியில் ஒரு வீடு, கொஞ்சம் வெள்ளிச் சாமான், அந்தப் பட்டம். பட்டம் செல்லுபடியானது ஓரிடத்தில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தச் சின்ன ஓர்த்தொடொக்ஸ் கோயிலில், அதே நாட்டிலிருந்து வந்த கிழவர்கள் அவருக்குத் தலை வணங்குவார்கள்.

அந்தக் கோயிலில் உட்கார வாங்குகள் கிடையாது. எல்லோரும் நின்றபடிதான். முன்னால் இடது பக்கம், மாதா படத்துக்கு நேரே, உயர்ந்த சாய்வுள்ள ஒரு கதிரை மதாமுக்கென்று போட்டிருக்கும். அதில் அவர் இருந்ததை பேர்ளி கண்டது குறைவு. கால் வீங்கிய நாட்களிலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார்.

"இருக்கலாமே, மதாம்," என்று ஒருமுறை சொன்னாள்.

"நான் இருந்தால், பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் கால் நோகத் தொடங்கிவிடும்," என்றார் மதாம்.

முதல் நாள் அங்கே போனபோது பேர்ளிக்குக் கை எங்கே போவதென்று தெரியவில்லை. அவர்கள் சிலுவை அடையாளத்தை வலது தோளில் தொட்டுப் பிறகு இடது தோளில் தொட்டார்கள். அவள் பாதி வழியில் கையை நிறுத்தி, மாற்றி, குழம்பிப்போனாள். வீட்டுக்கு வரும் வழியில் மதாம் சொன்னார்: "உங்களுடையதையே போடுங்கள், பேர்ளி. எனக்காக மாற்றிப் போட்டால் அது எந்தக் கோயிலுக்கும் சேராது." அதன்பிறகு அவள் தன்னுடையதையே போட்டாள். நற்கருணையாகிய நன்மை எடுக்க அவர்கள் வரிசையில் போகும்போது அவள் போக மாட்டாள். முடிவில் எல்லோருக்கும் கொடுக்கும் மந்திரித்த பாண் துண்டு ஒன்றை மதாம் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைப்பார். அதைச் சாப்பிடலாமா என்று தன் கோயில் சுவாமியாரிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் சாப்பிடத் தொடங்கினாள். அப்படிப்பட்டவள் பேர்ளி.

அவளுடைய மகள் சுசான் மார்கழி மாதத்தில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டாள். மடு மாதாவின் பதக்கம் கோத்த சங்கிலி. முதல் நன்மைக்குப் போட்டது. குளியலறை அலுமாரியில் கடதாசிக்குள் சுற்றி வைத்திருந்ததைக் கண்டுதான் பேர்ளி கேட்டாள். சுசான் மறைக்கவில்லை. அவள் வேலை செய்யும் கந்தோரிலேயே கஜன் என்றொரு பெடியன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். தகப்பன் நோயில் விழுந்த காலத்தில் தாய் கோசலை ஒபர்வில்லியேயில் உள்ள ஒரு பெந்தெகோஸ்தே சபையில் சேர்ந்தாள், பிறகு மகனும் சேர்ந்தான். இப்போது சுசானும் அங்கேதான் போகிறாள். அடுத்த மாதம் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள். வைகாசியில் கலியாணம்.

"உனக்கு ஞானஸ்நானம் தந்தாச்சு," என்றாள் பேர்ளி. "நாப்பதாம் நாள் தந்தது. அதென்ன, பழுதாப்போச்சோ?"

"அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை, அம்மா. இப்ப நானே சொல்லுறன்."

"தாலி?"

"இல்லை. அங்கை நகை போடுறேல்லை. வேதப்புத்தகம் மாத்துவினம்."

"மாதா?"

சுசான் சங்கிலி சுற்றியிருந்த கடதாசியைத் திரும்ப மடித்தாள். பேர்ளிக்கு அது போதுமாயிருந்தது. "நகரசபை மேரியிலை கலியாணம் எழுதுறதுக்கு நான் வருவன். சபைக்கு வரமாட்டன்."

சுசான் இங்கே பிறந்தவள். கோபம் வந்தால் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் இன்னொருத்தருடைய கோயிலுக்குப் போகிறீர்கள், அங்கே நிற்கிறீர்கள், அவர்கள் தருகிற பாணைச் சாப்பிடுகிறீர்கள் என்றாள்.

"அது வேலை."

"அப்ப என்ரை கலியாணத்துக்கும் உங்களை வேலைக்குக் கூப்பிடவோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

பேர்ளியின் கணவர் இராயப்பு சாப்பாட்டு மேசையில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கி அடுக்குகிற மனிதர். அதிகம் கதைக்காதவர். "நான் போவன்," என்றார். "என்ரை பிள்ளை." பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

தண்ணீர் ஞானஸ்நானத்துக்கு பேர்ளி போகவில்லை. அன்றைக்கு வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் எந்த மறைபொருளில் நிற்கிறாள் என்று மறந்து, முதலிலிருந்து தொடங்கினாள். சுசான் ஈரத் தலையோடு வந்தபோது துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

சித்திரை பிறந்து சில நாட்களில் மதாமின் வீட்டுக்கு அழைப்பிதழ் வந்தது. சுசான் அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு தாயின் வேலை முடியும்வரை அந்த வீட்டுக் குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள் அவள். பிரெஞ்சு எழுத்துப் பிழைகளை மதாம்தான் திருத்துவார்.

மதாம் அழைப்பிதழைக் கண்ணாடி போட்டு இரண்டுதரம் வாசித்தார். "நான் போகிறேன்," என்றார். "ஆனால் சில விஷயம் தெரிய வேண்டும். பெண்கள் தலையை மூட வேண்டுமா? நிற்பார்களா, இருப்பார்களா? அப்பமும் இரசமும் உண்டா? இருந்தால் எந்த நேரம் நான் ஒதுங்க வேண்டும்? எவ்வளவு நேரம் நடக்கும்?"

"எனக்குத் தெரியாது, மதாம்."

"யாருக்குத் தெரியும்?"

பேர்ளிக்கு எரிச்சல் வந்தது. வயதுபோன மனுஷிக்கு இதெல்லாம் விளையாட்டா என்று தோன்றியது. மதாமுக்கு அது விளையாட்டல்ல. அவர் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் போனது. யாராவது ஒரு அரச வீட்டில் கலியாணம், ஞானஸ்நானம், சாவு. கணவரோடு போக வேண்டும். வடக்கே லுத்தரன் கோயிலில் பிரசங்கம் முடியும்வரை அசையாமல் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் எல்லோரும் மெத்தையில் முழந்தாளிடும்போது, முழந்தாளிடாதவர் தலையை மட்டும் தாழ்த்தினால் போதும். பாப்பரசருக்கு முன்னால் கத்தோலிக்க அரசிகளுக்கு மட்டும் வெள்ளை உடுப்பு, மற்றப் பெண்களுக்குக் கறுப்பு. போகிற இடத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம் என்று முதலே கேட்டுவிடுவார்கள். அழைத்தவருக்கும் சங்கடமில்லை, போனவருக்கும் சங்கடமில்லை.

அன்று மாலை பேர்ளி கோசலையின் இலக்கத்தை இராயப்புவிடம் வாங்கிப் போன் எடுத்தாள். அதுவரை அவர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் கதைத்ததில்லை.

"ஸ்தோத்திரம்," என்றது மறுமுனை.

"நான் சுசான்ரை அம்மா கதைக்கிறன்."

மறுமுனையில் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. "சொல்லுங்கோ, அக்கா."

"எங்கடை மதாமுக்குக் கலியாணக் காட் வந்திருக்கு. அவ வரப்போறாவாம். சில விசயம் கேக்கச் சொன்னவ."

"கேளுங்கோ."

பேர்ளி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கோசலை நிதானமாகப் பதில் சொன்னாள். பொம்பிளையள் முக்காடு போடுவினம், மதாம் தொப்பி போட்டால் காணும். சப்பாத்து வாசலிலை கழட்டோணும். "வழமையா பாயிலைதான் இருக்கிறனாங்கள். கலியாணத்துக்குக் கதிரை எடுத்திருக்கு."

"அவவுக்கு முழங்கால் ஏலாது. ஆனா இருக்கவும் மாட்டா."

"நிக்கட்டுமன். நாங்களும் கனநேரம் நிண்டுதான் பாடுறது."

"அப்பமும் ரசமும்?"

"அண்டைக்கு இல்லை. அது ஞாயிறிலை."

"அவவை எங்கை இருத்துவியள்?"

"முன்னுக்கு, பொம்பிளையின்ரை பக்கம்." கோசலை கொஞ்சம் தயங்கினாள். "பக்கத்திலை பொம்பிளையின்ரை தாய்க்கு ஒரு கதிரை போடுவம், அக்கா. வந்தாலும் வராட்டிலும் போட்டிருக்கும்."

"சரி. மதாமிட்டைச் சொல்லுறன்," என்று பேர்ளி போனை வைத்துவிட்டாள். நன்றி சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் மதாம் அலுமாரியைத் திறந்து தொப்பிகளைக் கட்டிலில் பரப்பினார். பேர்ளி கேட்டு வந்ததையெல்லாம் சொன்னாள். மதாம் சாம்பல் நிறத் தொப்பி ஒன்றைத் தெரிந்தெடுத்தார். சுவரில் மாட்டும் மாதா படம் பரிசாகக் கொடுக்க முடியாது, அந்தப் பிள்ளைகளுக்கு அது சங்கடம் என்று தானே சொல்லி, வெள்ளிக் கரண்டிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டார்.

"உங்கள் கதிரைக்குப் பின்னால் நிற்பேன். எப்போதும் போல."

"அப்படியென்றால் வேலைக்கு வருகிறீர்கள்."

"ஆம், மதாம்."

மதாம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார். பகலில் அவர் கட்டிலில் இருந்ததைப் பேர்ளி கண்டதில்லை.

"எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மரி-தெரேஸ்," என்றார். "ஈரேன் என்பது பிறகு வைத்தது. நான் பெல்ஜியத்தில் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். இவரைக் கட்டுவதற்காக மாறினேன். சிம்மாசனம் இல்லை, நாடு இல்லை. ஆனாலும் பட்டத்து இளவரசரின் மனைவி அந்தக் கோயில்காரியாக இருக்க வேண்டும் என்று அந்தக் கிழவர்கள் நினைத்தார்கள். நெற்றியில் எண்ணெய் பூசிப் புதுப் பெயர் வைத்தார்கள். என் அம்மா பாரிசுக்கு வந்தாள். என் முக்காட்டை அவள்தான் ஊசி குத்திச் சரிசெய்தாள். கோயில் வாசல்வரை ஒரே காரில் வந்தோம். நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை."

"ஏன், மதாம்?"

"அந்தக் காலத்தில் எங்கள் ஆயர் அனுமதி கொடுக்கவில்லை. அவள் விரும்பியிருந்தால் சும்மா பின்னால் வந்து நின்றிருக்கலாம், ஆயர் கண்ணை மூடியிருப்பார். அவள் அப்படிப்பட்டவளில்லை. எங்கள் கலியாணம் நீளமானது. மணமக்கள் தலையில் முடி சூட்டுவார்கள், மேசையைச் சுற்றி நடத்துவார்கள். எல்லாம் முடியும்வரை அம்மா தெருவில் காருக்குள் இருந்தாள்."

பேர்ளி தொப்பிப் பெட்டிகளை அடுக்கியபடி நின்றாள்.

"பிறகு கோபமாக இருந்தீர்களா?"

"இல்லை. அதுதான் கஷ்டம். பிறகு இருபது வருடம் உயிரோடிருந்தாள். அவளுடைய ஈஸ்டர் பாஸ்குவுக்கு நான் போவேன், என்னுடைய பாஸ்குவுக்கு அவள் பரிசு அனுப்புவாள். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. இருபது வருடம் மரியாதையாக இருந்தோம்." மதாம் எழும்ப முயன்றார், முடியவில்லை. பேர்ளி கை கொடுத்துத் தூக்கினாள். "உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, பேர்ளி. என் கதையைச் சொன்னேன்."

அன்றிரவு பேர்ளிக்கு மதாமின் தாய்மீதுதான் இரக்கம் வந்தது. காருக்குள் அந்த மனுஷி எதைச் செபித்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அவள் செய்தது சரிதானே. சுவாமியார் வேண்டாமென்று சொன்னால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன் என்று நினைத்தாள். ஆனால் இப்போது எந்தச் சுவாமியாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சனிக்கிழமைப் பூசை முடிந்து கேட்டபோது, "போங்கோ அம்மா, பிள்ளையின்ரை கலியாணம்," என்றுதான் அவர் சொன்னார். தடுத்துக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான். எப்படியும் மதாமுக்குப் பின்னால் நிற்கத்தானே போகிறேன் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கலியாணத்துக்கு முந்திய புதன்கிழமை மதாமுக்கு மூச்சு முட்டியது. இதயம் தளர்ந்து நெஞ்சில் தண்ணீர் சேர்ந்துவிட்டதென்று சொல்லி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பேர்ளி அடுத்த நாள் போனபோது அவர் மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் மெலிந்து, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"நான் சனிக்கிழமை இங்கே உங்களோடு இருக்கிறேன்," என்றாள் பேர்ளி. சொல்லும்போதே மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை உணர்ந்தாள். அதற்காக வெட்கப்பட்டாள்.

மதாம் கண்ணைத் திறந்தார். அவர் கோபப்பட்டு அவள் கண்டதில்லை. அன்றுதான் கண்டாள்.

"எங்கள் குடும்பத்தில் அழைப்பை ஏற்றபின் போக முடியாவிட்டால் பிரதிநிதியை அனுப்புவோம். நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். நீங்கள் என் பிரதிநிதியாகப் போகிறீர்கள். பரிசைக் கையில் கொடுக்க வேண்டும். என் மன்னிப்பைச் சொல்ல வேண்டும். கடைசிவரை நிற்க வேண்டும், நடுவில் எழும்பி வரக்கூடாது." மூச்சு வாங்கியது. "இதற்கு மேல் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை."

வெள்ளிக்கிழமை மேரியில் எழுதினார்கள். பேர்ளி போனாள். சுசான் கையெழுத்து வைக்கும்போது நிமிர்ந்து ஒருமுறை தாயைப் பார்த்தாள். நாளைக்கு வருவீர்களா என்று கேட்கவில்லை. பேர்ளியும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இராயப்பு கோட் போட்டுக்கொண்டு சுசானோடு முதலே கிளம்பவிருந்தார். பேர்ளி நீலப் பட்டுச் சீலை உடுத்து, கரண்டிப் பெட்டியோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். சுசான் முகம் கழுவிக்கொண்டிருந்தாள், தாயைக் கவனிக்கவில்லை.

"நான் மதாமுக்காகத்தான் வாறன்," என்றாள் பேர்ளி மெதுவாக. "நீங்கள் பிள்ளையோடை போங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்."

இராயப்பு அவளைப் பார்த்தார். "சரி. மழை வரும்போலை கிடக்கு. குடையைக் கொண்டு வா," என்றார்.

சபை ஒபர்வில்லியேயில் ஒரு உடுப்பு மொத்தக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியெங்கும் புது உடுப்பின் பிளாஸ்டிக் வாசனை. மேலே சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. பெரிய மண்டபம். சுருபம் இல்லை, மெழுகுதிரி இல்லை, பீடமும் இல்லை. சிலுவைகூட இல்லை. சுவரில் ஒரு வேதவசனம் மட்டும் நீல எழுத்தில் இருந்தது. எங்கே பார்த்துக் கும்பிடுவது என்று அவள் கண் ஒரு கணம் தேடியது.

வாசலில் வெள்ளைச் சீலையோடு நின்ற கோசலை அவளைக் கண்டதும் முன்னுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் படியை எட்டிப் பார்த்தாள்.

"மதாமுக்குச் சுகமில்லை. ஒப்பித்தாலிலை. நான் அவவுக்குப் பதிலா வந்திருக்கிறன்."

"வாங்கோ, அக்கா," என்றாள் கோசலை. முன்வரிசைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஒன்றில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மெத்தை போட்டிருந்தது. "இது மதாமுக்கு. இது மற்றது." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. எல்லோரும் எழும்பி நின்று கைகொட்டிப் பாடினார்கள். பேர்ளிக்குப் பாட்டுத் தெரியாது. இரண்டு கதிரைகளுக்கும் நடுவே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கிறவரைக்கும் எதையும் முடிவுசெய்யத் தேவையில்லை என்பது ஆறுதலாக இருந்தது.

கதவு திறந்தது. இராயப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு சுசான் வந்தாள். வெள்ளைச் சீலை, வெள்ளை முக்காடு. பேர்ளியின் கண் முதலில் போனது கழுத்துக்குத்தான். வெறும் கழுத்து. பொட்டுத் தங்கம் இல்லை. இப்படியா என் பிள்ளை மணவறைக்கு வர வேண்டும் என்று நினைத்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். சுசான் அந்தச் சனத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தாள். பின்வரிசையில் தேடினாள். கதவடியில் தேடினாள். முன்வரிசையில் தேட அவளுக்குத் தோன்றவில்லை. கிட்ட வந்த பிறகே கண்டாள். அவளுடைய நடை ஒரு கணம் நின்றது. இராயப்பு கையை மெல்ல இழுத்து நடத்தினார்.

பாட்டு முடிந்து எல்லோரும் இருந்தார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம் அடங்கியபோது பேர்ளி மட்டும் நின்றாள். கரண்டிப் பெட்டியைச் சிவப்பு மெத்தையில் வைத்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

வரதராசா பாஸ்டர் நல்ல குரல்காரர். அவர் செபிக்கத் தொடங்கியதும் சனம் ஆளாளுக்கு வாய்விட்டுச் செபித்தது. சிலர் அழுதார்கள். "பிதாவே" என்ற சொல் கேட்டதும் பேர்ளியின் கை தானாக நெற்றிக்குப் போனது. நெற்றி, நெஞ்சு, இடம், வலம். பக்கத்து வரிசையில் ஒரு மனுஷி திரும்பிப் பார்த்தாள். பாஸ்டரும் கண்டார். கண்டுவிட்டுச் செபத்தைத் தொடர்ந்தார்.

வேதப்புத்தகம் மாற்றி, வாக்குக் கொடுத்த பிறகு பாஸ்டர் சொன்னார்: "தாய் தகப்பன்மார் முன்னுக்கு வாங்கோ. பிள்ளையளை ஆசீர்வதியுங்கோ."

இதைப் பற்றி ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்டிருக்கவில்லை. இராயப்பு எழும்பி அவளுக்காகக் காத்து நின்றார். பிரதிநிதி இதற்குப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு எழும்பினாள்.

சுசானும் கஜனும் முழந்தாளிட்டிருந்தார்கள். கோசலை மகனுடைய தலையில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை இறுக்கி மூடி, நீளமாக ஏதோ செபித்தாள். பேர்ளிக்கு அப்படி வாயில் வருவதைச் செபிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுசான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் ஒவ்வொரு காலையும் செய்தது. குனிந்து, முக்காட்டைக் கொஞ்சம் விலக்கி, பெருவிரலால் மகளின் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை வரைந்தாள்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே."

சுசான் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை மேலே தூக்கிக் கொடுத்தாள். பிறகு பேர்ளி கஜனின் நெற்றியைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். அவன் தலையைத் தாழ்த்தினான். அவள் அவனுடைய தலைமயிரில் கையை வைத்தாள். அவனுக்குச் சிலுவை வரையவில்லை. அவன் தாய் பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைக் கொடுத்து மதாமின் மன்னிப்பைச் சொன்னாள். சுசான் பெட்டியைத் திறக்காமல் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீங்கள் மதாமுக்காக வந்ததெண்டு அப்பா சொன்னவர்."

"ஓம்," என்றாள் பேர்ளி. "அவவுக்காகத்தான் வெளிக்கிட்டனான்."

அன்று பின்னேரம் பட்டுச் சீலையோடே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதாமின் உதடு வறண்டிருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டார். எவ்வளவு நேரம் நின்றார்கள்? பெண்ணின் உடுப்பு என்ன நிறம்? மணமகனின் தாய் எப்படிப்பட்டவள்? பேர்ளி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெற்றியில் சிலுவை போட்டதையும் சொன்னாள்.

"அதற்கு அவர்களிடம் முதலே கேட்டீர்களா?"

"இல்லை, மதாம். பிழையா?"

மதாம் நெடுநேரம் யோசித்தார். இதைப் பற்றிய வழக்கம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் உண்மையாகவே தேடுவதுபோல இருந்தது. "எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். பேர்ளியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்ததே இல்லை. தாதி வந்து விளக்கைக் குறைக்கும்வரை விடவில்லை.

மதாம் வீடு திரும்பவில்லை. ஆனி மாதத்தில் இறந்தார். அவருடைய கணவரின் தம்பி மகன் நிக்கொலா, பட்டம் இப்போது அவருக்குத்தான், எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். திறந்த சவப்பெட்டி, கோயில் நடுவே. வேறு அரச வீடுகளிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். லுத்தரன்காரர், கத்தோலிக்கர், இங்கிலாந்திலிருந்து ஒரு கிழவி. எவரெவர் எங்கே நிற்பது என்று நிக்கொலா முதலே சொல்லிவைத்திருந்தார். பேர்ளி பின்னால் ஒரு தூணருகே ஒதுங்கியபோது அவர் வந்து முழங்கையைப் பிடித்து, இடது பக்கம் குடும்பத்தோடு நிறுத்தி, கையில் மெழுகுதிரியைக் கொடுத்தார். "பெரியம்மா எழுதி வைக்கவில்லை," என்றார். "ஆனால் பல தடவை சொன்னார்."

எல்லோரும் வரிசையாகப் போய் இறந்தவரின் நெற்றியில் கட்டியிருந்த, திருப்படம் அச்சிட்ட தாளை முத்தமிட்டார்கள். பேர்ளியும் போனாள். வரிசையின் கடைசியில் சுசானும் கஜனும் வந்தார்கள். அவர்கள் சபையில் படத்தை முத்தமிடுவதில்லை என்பது பேர்ளிக்குத் தெரியும். என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கஜன் பெட்டியருகே நின்று தலை தாழ்த்திவிட்டு நகர்ந்தான். சுசான் நின்றாள். பிறகு குனிந்து, படத்தைத் தொடாமல், பிழை திருத்தித் தந்த அந்தக் கையை முத்தமிட்டாள். சுற்றியிருந்த யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

இப்போது பேர்ளிக்கு ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாக இருக்கின்றன. தன் கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போகிறாள். வாங்கில் இருந்துகொண்டே பாதிப் பூசையைக் காண்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை, கால் தானாக எழும்பப் பார்க்கிறது. மதியம் சுசானும் கஜனும் சபை முடிந்து சாப்பிட வருவார்கள். கஜன் சாப்பாட்டுக்கு முன் செபிப்பான். நீளமான செபம். பேர்ளி சிலுவை போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

போன வாரம் சுசான் தனக்குக் குழந்தை தங்கியிருப்பதைச் சொன்னாள். பேர்ளிக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணமே வேறொரு கேள்வி தொண்டைக்கு வந்தது. நாற்பதாம் நாள் ஞானஸ்நானம் எந்தக் கோயிலில்? சுசானும் அதையே எதிர்பார்த்து நிமிர்ந்து இருந்தாள், பதிலைத் தயாராக வைத்திருக்கிறவள் போல.

பேர்ளி மீன்குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"முதல் சாப்பிடு," என்றாள். "பிறகு கதைப்பம்."